இறக்கத்தில் நியூட்ரல்

மாலதியின் சாவுக்கு என்னால் போக முடியவில்லை. என் பாஸ்போர்ட் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதியது கைக்கு வந்தபோது அவளை எரித்து மூன்று வாரம் கடந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்காவது வந்துவிடும்படி அவள் கணவர் சிவநேசன் போனில் சொன்னார். கூடவே ஒரு வேலையும் இருக்கிறது என்றார். ஒரு மெக்கானிக் மீது விரிவாக முறைப்பாடு எழுத வேண்டும், வியாழக்கிழமை போலீஸில் கொடுக்க வேண்டும், அண்ணைதான் எழுதித் தர வேண்டும். நான் திருச்சியில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் செய்தி திருத்தியவன். எழுதுகிறேன் என்றேன்.

நடந்தது செய்தியாக வந்திருந்தால் ஆறு வரி. இலங்கையின் தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போன ஆட்டோமேட்டிக் கார் திடீரென்று இழுவை இழந்து நாற்பதுக்கு இறங்கியது. பின்னால் வந்த பேருந்து மோதியது. கார் திரும்பி, இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த லாரியில் அடித்தது. இடப்பக்க இருக்கையில் இருந்த பெண் அந்த இடத்திலேயே இறந்தார். ஓட்டிய கணவருக்கு விலா எலும்பில் முறிவு. அந்தப் பெண் என் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கொழும்பில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் அதிவேகப் பாதையில் டாக்ஸி ஒரே வேகத்தில் போனது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நடுவில் மாடு இல்லை, எதிர்த்திசையில் வரும் டிராக்டர் இல்லை. எங்கள் ஊர் பைபாஸில் எப்போதும் ஒரு கண் விழித்திருக்க வேண்டும். இங்கே ஓட்டுகிறவருக்குக் கையும் காலும் சும்மா இருந்தன. இவ்வளவு ஒழுங்கான சாலையில் ஒருத்தி எப்படிச் சாவாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளவத்தையில் அவர்கள் வீடு நான்காவது மாடியில். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரியும். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். பிள்ளைகள் இல்லாத வீடு. சிவநேசன் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்காளர். போர்க் காலத்தில் சென்னைக்குப் படிக்க வந்து மாலதியைக் கட்டிக்கொண்டவர். கதவைத் திறந்தவர் பாதியாக இளைத்திருந்தார். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா பரமேஸ்வரி வந்து தங்கிச் சமைத்துக்கொண்டிருந்தார். இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். துடக்குக் காலம், அதாவது சாவுத் தீட்டு; மீன் கிடையாது. மாலதி சொதி வைக்கக் கற்றுக்கொள்ளவே ஐந்து வருடம் ஆனதாகச் சொன்னார். அது குறையா பாராட்டா என்று தெரியவில்லை. நாடே நொடித்துப் பெட்ரோல் இல்லாமல் போன நாட்களில் தம்பி மூன்று நாள் வரிசையில் காருக்குள்ளேயே கிடந்ததையும், மாலதி தினமும் சோறு கட்டிக்கொண்டு நடந்து போனதையும் சொல்லி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மெக்கானிக்கைச் சும்மா விடக்கூடாது தம்பி. நல்லா இறுக்கி எழுதுங்கோ," என்றார்.

சிவநேசன் விஷயத்தைத் தாள்களோடு சொன்னார். கார் ஜப்பானில் சில வருடம் ஓடி இங்கே இறக்குமதியானது. அதன் கியர்பாக்ஸில் பற்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் ஓர் உலோக பெல்ட்டும் இருக்கும். அதற்கென்று தனி ஆயில் உண்டு. சாதாரண ஆட்டோ கியர் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். விபத்துக்கு ஐந்து வாரம் முன்பு கொட்டாஞ்சேனையில் அன்டன் என்பவர் அந்த ஆயிலை மாற்றியிருக்கிறார். எந்த ஆயில் என்று ஜப்பான் எழுத்தில் போட்டிருந்த தகட்டை வாசிக்கத் தெரியாமல் தவறான ஆயிலை ஊற்றிவிட்டார் என்பது சிவநேசனின் வாதம். ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லி, போலீஸார் அன்டனை இரண்டு நாள் வைத்து விசாரித்து விட்டிருந்தார்கள். இனி எழுத்தில் கொடுத்தால் வழக்கு.

எழுதுவதற்கு முன் எதிர்த்தரப்பையும் கேட்பது தொழில் பழக்கம். அன்டனைப் பார்க்க வேண்டும் என்றேன். சிவநேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் பொய்தான் சொல்லுவான். உங்கட விருப்பம்."

திங்கட்கிழமை காலை ரயிலில் போனேன். கடலை ஒட்டியே ஓடும் ரயில்; கதவருகில் நின்றால் உப்புத்தூறல் முகத்தில் படும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஒரு பெண்மணி போனில் சிங்களத்தில் தன் மேலதிகாரியிடம், நான் ரயிலுக்குள் இருக்கிறேன், ஆனால் ரயில்தான் எங்கும் இல்லை என்று சொன்னதாகப் பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்துச் சிரித்தார். கோட்டை நிலையத்தில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். மீட்டர் போடச் சொன்னதும் ஓட்டுநர் என் தமிழைக் கேட்டுத் திரும்பினார்.

"இந்தியாவா அண்ணே? அங்க மீற்றர் போடுவாங்களா?"

போடமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப இங்க மட்டும் என்னத்துக்கு," என்று வண்டியைக் கிளப்பினார்.

கொட்டாஞ்சேனையில் தெருக்கள் குறுகல். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் மாதா சொரூபம், இடையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புகை. அன்டனின் கராஜ் ஒரு சந்துக்குள் இருந்தது. இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. விசாரணை முடியும்வரை திறக்க வேண்டாம் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டாராம். பக்கத்து வாசலில் அவர் மனைவி செலின் நின்றுகொண்டு, யார் என்று கேட்டார். இறந்தவளின் அண்ணன் என்றதும் உள்ளே போய்விட்டார். சற்றுப் பொறுத்து அன்டன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கறுப்பு ஒட்டியிருந்தது. ஒரு மாதம் வேலை இல்லாமலும் போகாத கறுப்பு.

அவர் முதலில் ஒரு காலி டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அதை வாங்கிய ரசீதை. சரியான ஆயில்தான். ரசீதில் காரின் நம்பரை அவரே எழுதியிருந்தார். வேறு காருக்கு வாங்கியதில்லை என்று காட்டுவதற்கு அப்படி எழுதுவது அவர் வழக்கமாம். போலீஸில் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியதாகவும், டின்னை யாரும் எங்கிருந்தும் பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கியர்பாக்ஸின் அடித்தட்டு. அதன் காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு மொத்தமாகப் படிந்திருந்தது.

"இது நான் பழைய ஒயில இறக்கின அன்னிக்கு எடுத்தது சேர். என்ட ஒயில் உள்ள போறதுக்கு முந்தி. இது பெல்ட் தேஞ்சு விழுந்த இரும்பு."

பெல்ட் எதனால் தேயும் என்று கேட்டேன். அவர் வாசற்படியில் குந்தி, விரலால் தூசியில் இரண்டு வட்டம் போட்டார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் தள்ளும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. கியர் டி-யில், அதாவது ஓட்டும் நிலையில், நூறில் போகும்போது எஞ்சினும் வேகமாகச் சுற்றும், ஆயில் அழுத்தமும் இருக்கும். அதே நூறில் நியூட்ரலுக்குத் தள்ளினால் எஞ்சின் அடங்கிவிடும், பம்பும் அடங்கிவிடும். ஆனால் சக்கரங்கள் நூறில் ஓடுவதால் உள்ளே பெல்ட்டும் கப்பிகளும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், போதிய ஆயில் இல்லாமல். திரும்பவும் டி-க்குத் தள்ளும்போது தூங்கும் எஞ்சினையும் ஓடும் சக்கரத்தையும் ஒரே நொடியில் முடிச்சுப் போடுகிறோம். பெல்ட் வழுக்கும், சிராய்க்கும். இதையே பல மாதம் செய்தால் ஒரு நாள் காரின் கம்ப்யூட்டர் பயந்து இழுவையை அறுத்துவிடும். மிதித்தாலும் ஏறாது.

ஓடுகிற காரை ஏன் நியூட்ரலில் போட வேண்டும்?

"பெற்றோல் கிடைக்காத காலத்தில கொழும்பே அப்படித்தான் ஓடிச்சு. இறக்கம் கண்டா நியூட்ரல். மிச்சமாம்." அவர் தூசியைக் காலால் அழித்தார். "மிச்சமும் இல்ல சேர். டி-ல போறப்ப கால எடுத்தா கார் பெற்றோலையே நிப்பாட்டிடும், ஒரு சொட்டு போகாது. நியூட்ரல்லதான் எஞ்சின் சாகாம இருக்கக் குடிக்கும்."

சிவநேசன் அப்படிச் செய்கிறவரா என்று கேட்டேன். அவர் கதவோரம் வந்து நின்ற செலினைப் பார்த்தார், பிறகு என்னை. "நான் அவர் பக்கத்தில உக்காந்து போனதில்ல. அவரைத்தான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பி, டின்னையும் ரசீதையும் பற்றி மட்டும் சொன்னேன். ரசீது எழுதுவது கஷ்டமா என்றார் சிவநேசன். மாலதியின் மூக்குக்கண்ணாடி தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலி நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாலதியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். சிவநேசனின் கந்தோர், அதாவது அலுவலகம், அவருக்கு ஒரு கார் கொடுத்திருந்தது, அதுவும் ஆட்டோமேட்டிக். டிரைவரோடு தருகிறோம் என்றதை அவர் மறுத்துவிட்டார். இன்றைக்கு ஓட்டாவிட்டால் இனி ஓட்டவே மாட்டேன் என்றார். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். மாலதி உட்கார்ந்திருந்த பக்கம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினோம். இரு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுநடுவே சேற்று வயல். அவர் நன்றாகவே ஓட்டினார். வேகமுள் நூறைத் தாண்டவில்லை. எஞ்சின் சுற்றைக் காட்டும் மறு முள் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. காரில் ஒரு மெல்லிய, சீரான இரைச்சல் இருந்தது. விறகுக்காகத் தறித்த ரப்பருக்கு இப்போது நல்ல விலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாலை ஒரு மேட்டில் ஏறி, நீளமாக இறங்கத் தொடங்கியது.

இரைச்சல் நின்றது. முள் விழுந்து எழுநூறுக்குப் பக்கத்தில் கிடந்தது. வேகம் அதே நூறு. கார் எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதந்தது. நான் கீழே பார்த்தேன். அவருடைய இடது கை கியர் கம்பியின் மேல் இருந்தது. ரப்பர் விலையைப் பற்றிய வாக்கியத்தை அவர் நிறுத்தவே இல்லை. இறக்கம் முடியும்போது கை மறுபடி அசைந்தது. கார் ஒரு முறை குலுங்கியது. இரைச்சல் திரும்பி வந்தது.

வெலிப்பன்ன ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னேன். பால் இல்லாத பிளேன் டீயும் மீன் வைத்த பணிசும் வாங்கினோம். அவர் பணிசைத் தொடவில்லை, துடக்கு ஞாபகம் வந்து தள்ளி வைத்தார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் யார் ஜன்னலோரம் என்று சிங்களத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றேன்.

"எது?"

"இறக்கத்துல நியூட்ரல் போடறது."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். "நான் இப்ப போட்டனானோ?"

"போட்டீங்க."

தேநீரை ஆறவிட்டபின் சொன்னார். பெட்ரோல் வரிசை நாட்களில் கந்தோரில் ஒருவர் சொல்லித் தந்தாராம். வரிசை போய், பெட்ரோல் வந்த பிறகும் கை விடவில்லை. அன்றைக்கும் போட்டீர்களா என்று கேட்டேன்.

"போட்டனான். திருப்பி டி-யில விடேக்க ஒரு இடி இடிச்சது. பிறகு மிதிக்க மிதிக்க ஏறேல்லை. இடப்பக்கம் லொறி, விலக இடமில்லை. கண்ணாடியில பஸ் தெரிஞ்சது."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவை கேக்கேல்லை." சற்றுப் பொறுத்து, "ஒயிலும் பிழையா இருந்திருக்கலாம் தானே, அண்ணை?" என்றார்.

நான் அடித்தட்டின் படத்தைப் பற்றிச் சொன்னேன். டி-யில் காலை எடுத்தால் எஞ்சின் பெட்ரோலே குடிக்காது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் எழுந்து போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். அங்கிருந்து காலிவரை நூறுக்கு மேலும் போகவில்லை, எண்பதுக்குக் கீழும் இறங்கவில்லை. இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ஓரிடத்தில் தடுப்புக் கம்பி மட்டும் புதிதாகப் பளபளத்தது. அந்த இடம்தானா என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை வீட்டில் பேச்சு நடந்தது. பேசியது பரமேஸ்வரி அக்கா மட்டும்தான். இவன் போய்ச் சொன்னால் வழக்கு இவன் மேல் திரும்பும், வேலை போகும், மறியலுக்கும், அதாவது சிறைக்கும், போகலாம், செத்தவள் திரும்பி வரப்போவதில்லை என்றார். எல்லாமே உண்மை. என் பக்கம் திரும்பி, "கூடப் பிறந்தவர் நீங்களே இவனைக் காட்டிக் குடுப்பியளோ? மெக்கானிக்குக்கு இதெல்லாம் பழக்கம்தானே, வேற இடத்தில கராஜ் போடுவான்," என்றார். அவர் கெட்ட மனுஷி இல்லை. ஒரு மாதமாகத் தம்பிக்கு ஊட்டிவிடாத குறையாகச் சோறு போட்டவர்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்றும் எழுதாமல் விமானம் ஏறலாம். அப்போது சிவநேசன் வேறு யாரையாவது வைத்து எழுதுவார். அல்லது அவர் என்னிடம் ஒப்புக்கொண்டதை எழுதலாம். வெலிப்பன்னவில் சொன்னதை மட்டும்தான் நான் எழுதுவேன், வேறு எதையும் எழுதமாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. என் தங்கையைக் கொன்ற கை எதிரே மேசைமேல் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, அதை உடைக்கவும் தோன்றியது.

சிவநேசன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எழுதுங்கோ," என்றார். பரமேஸ்வரி அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் எனக்குச் சோறு போடவில்லை. கீழே இறங்கி, காலி வீதியில் ஒரு கடையில் சாப்பிட்டேன்.

வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் வந்தது. நேரம், வேகம், எந்தப் பாதை, கியரை எப்போது மாற்றினார், எப்போது திருப்பினார், இடி, லாரி, பேருந்து. நான் கேட்கக் கேட்க அவர் தயங்காமல் சொன்னார், கணக்குப் புத்தகத்தை வாசிப்பவர்போல. அன்டனின் வேலையில் குறை இருப்பதாகத் தன்னிடம் ஆதாரம் இல்லை என்பதைத் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். வியாழக்கிழமை போலீஸில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் அதை இரண்டு முறை வாசித்தார். இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் சிவநேசன். கையெழுத்துப் போட்டதும் அவருடைய லைசென்ஸை வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும், கொழும்பைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். வந்த காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன் என்று சிவநேசன் தானாகத்தான் சொன்னார். மாலை நான்கு மணி இருக்கும். சந்துக்குள் நடந்தபோது இரண்டு வீட்டு வாசல்களில் பேச்சு நின்றது. அன்டன் கராஜ் கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எழவில்லை. செலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிவநேசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான்தான் காரணம், போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்கள் மேல் பிழை இல்லை என்று அதில் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அன்டன் அந்தக் கடைசி வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் காகிதம் எப்போது வரும், கட்டடக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரல் வைத்து மெல்ல வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் சேர்," என்றார். "அன்னிக்கு நீங்க வரல்ல. காரை எடுக்க மிஸ்தான் வந்தாங்க. அவங்ககிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். இறக்கத்தில நியூட்ரல் போட வேணாம்னு சேர்ட்ட சொல்லுங்க, ஹைவேல இது ஆளைக் கொல்லும்னு சொன்னேன். பொலிஸில இதைச் சொல்லல்ல. செத்தவங்க பேரை இழுக்கக் கூடாதுன்னு செலின் சொன்னா." அவர் சட்டைப்பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் உங்களுக்கே ஒரு கோல் எடுத்திருக்கணும். எடுக்கல்ல. மிஸ் மறந்திருப்பாங்களோன்னு ஒரு மாசமா யோசிக்கிறேன். அவங்க சொன்னாங்களா?"

சந்தில் ஒரு முச்சக்கர வண்டி வந்து, வழி இல்லாமல் பின்வாங்கிப் போனது.

"சொன்னவ," என்றார் சிவநேசன். "கார் எடுத்துக்கொண்டு வந்த அண்டைக்குச் சொன்னவ. பிறகும் சொன்னவ. அந்த இறக்கத்திலயும் சொன்னவ. என்ர கையைப் பிடிச்சவ." அவர் அன்டனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நான் தட்டிவிட்டனான், அண்ணை."

அன்டன் தலையசைத்தார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. செலின் உள்ளே போய்க் கராஜின் சாவியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் இது இல்லை. நேரத்தைக் கேட்டேன், வேகத்தைக் கேட்டேன், லாரி எந்தப் பக்கம் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்ன சொன்னாள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.